அந்த மூன்றாவது அடி

ஜெசி,

இந்தக் கடிதத்தில் கருவாட்டு வாசனை அடித்தால் முகம் சுளிக்காதே. உனக்கு அனுப்பும் மாசிப் பெட்டிக்குள்ளேயே இதையும் வைத்துக் கட்டியிருக்கிறேன். கப்பலில் சென்னைக்கு வரும் உன் பெரியப்பா கையில் கொடுத்தனுப்புகிறேன். போனில் பேசலாம்தான். ஆனால் போனில் நீ "சாப்பிட்டேன், ஆபீஸ் போனேன், தூக்கம் வருதும்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை கொடுப்பதில்லை. அதற்கு மேல் கேட்டால் வைத்துவிடுவாயோ என்று பயந்து நானும் மழை பெய்தது, கப்பல் தாமதம் என்று ஏதோ பேசி முடித்துவிடுகிறேன். ஊரெல்லாம் பேரம் பேசிப் பிழைத்தவள் பெற்ற மகளிடம் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பது எனக்கே நன்றாக இல்லை. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். எழுதியதைக் கட்டுவதற்கு முன் நம் ஹாலில் பெண்களுக்கு வாசித்துக் காட்டினேன். நம் தீவின் ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் அத்தனை பேர் கண் முன்னால் நடந்த காரியம் இது. அதைப் பற்றிய பேச்சும் நாலு பேர் கேட்கிறபடி இருப்பதுதான் முறை என்று எனக்குப் பட்டது.

சரக்கு புக்கிங் ஆபீஸில் நல்ல வேலை கிடைத்து நீ மெயின்லேண்ட் போனதாக ஊரில் சொல்லி வைத்திருக்கிறோம். நீ போனது என்னால் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் தற்காப்பு வகுப்பில் படித்த நான் ஒரு மனிதனை அடித்தேன். அவன் கை எடுத்த பிறகும் அடித்தேன். அன்று சாயங்காலம் நீ ஹாலைப் பூட்டிவிட்டு வந்து சாவியை என் முன்னால் வைத்தாய். "உனக்கு அடிக்கக் கத்துக் கொடுத்தேன்மா, நிறுத்தக் கத்துக் கொடுக்கல. இனிமே யாருக்கும் எதையும் கத்துக் கொடுக்க எனக்கு யோக்கியதை கிடையாது" என்றாய். கையுறையை ஆணியில் மாட்டினாய். அடுத்த கப்பலில் போய்விட்டாய். அன்று உனக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. இப்போது கொஞ்சம் இருக்கிறது. அதைச் சொல்கிறேன். நீ மறுபடியும் வகுப்பு எடுப்பாயா மாட்டாயா என்பதை அதற்குப் பிறகு தீர்மானம் செய்.

நீ பாக்சிங் ஹாஸ்டலை விட்டு ஊருக்குத் திரும்பி, குட்வில் எஸ்டேட்டில் அந்தத் தகரக்கூரை ஹாலைப் பிடித்து, பஜார் பெண்களுக்குத் தற்காப்பு சொல்லித் தரப் போகிறேன் என்றபோது நான் நம்பவில்லை. கடைக்காரிகளும் மீன்காரிகளும் வேலையை விட்டுவிட்டு வந்து குத்து விடுவார்களா என்று நினைத்தேன். முதல் சனிக்கிழமை நீ தனியாக நின்றுகொண்டிருந்தாய். திறந்த கடையில் போணி ஆகாமல் நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அபர்டீன் பஜார் நடைபாதையில் ஒரு கூடைக் கத்தரிக்காயோடு உட்கார்ந்துதான் நானும் ஆரம்பித்தேன். அதனால் உனக்குப் போணி செய்யத்தான் வந்தேன், அடிக்கக் கற்றுக்கொள்ள வரவில்லை. அடுத்த வாரம் மீன் விற்கும் மாலதி தீதியையும் இழுத்துக்கொண்டு வந்தேன். அவள் குத்துப் பழகும் உன் பேடை ஒரு விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "ஜெசி பேட்டி, மகளே, நான் தினம் சூரைத் தலையை ஒரே வெட்டா வெட்டறேன். இந்த மெத்தையை எதுக்கு அடிக்கணும், இது எனக்கு என்ன பாவம் செஞ்சுது" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா?

அன்று நாங்கள் அடித்த அடியை அடி என்று சொல்ல முடியாது. ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு அடித்தாள். ஒருத்தி பேடைத் தொடும் முன்பே கையை இழுத்துக்கொண்டாள். நான் அடித்துவிட்டு உன்னைப் பார்த்து "வலிச்சுதாளா?" என்றேன். எல்லோரும் சிரித்துக்கொண்டே இருந்தோம். நீ சிரிக்கவில்லை. "ஏன் சிரிக்கிறீங்க தெரியுமா? அடிச்சா எதிராளி கோவிச்சுக்குவானோன்னு இப்பவே சமாதானம் பேசுறீங்க" என்றாய். எனக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்தால் நான் ஆயுசு முழுக்க அந்தச் சிரிப்பைத்தான் சிரித்து வந்திருக்கிறேன். விலை கேட்கிற சாக்கில் கையைத் தடவியவனிடம் சிரித்தேன். லைசென்ஸ் கேட்டு வந்து கால்மணி நேரம் மார்பையே பார்த்துக்கொண்டிருந்த மனிதரிடமும் சிரித்தேன். கோபம் வந்ததே தெரியாமல் கோபத்தின் மேல் அந்தச் சிரிப்பைப் போட்டு மூடிக்கொண்டேன்.

கத்துவது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. ஜெட்டியில் எல்லோருக்கும் புரிகிற சொல்லாக இருக்கட்டும் என்று "ஹட்" என்பதைத் தேர்ந்தெடுத்தாய். இந்திக்காரன், வங்காளி, தமிழன் யாராக இருந்தாலும் அந்தச் சொல்லுக்கு விலகத்தான் வேண்டும். எனக்கு அது தொண்டையை விட்டு வரவில்லை. "ஏம்மா, மூட்டையை நனைச்சிட்டான்னு நீ கத்துற சத்தம் சாத்தம் தீவு வரைக்கும் கேட்குமே. உருளைக்கிழங்குக்குக் கத்துறதில பாதி உனக்காகக் கத்து" என்றாய். எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். ஆனால் நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு போனேன். சரக்குக்காகக் கத்தலாம், பிள்ளைக்காகக் கத்தலாம், புருஷனுக்காகக் கத்தலாம். தனக்காகக் கத்த மட்டும் எனக்கு யாரும் அனுமதி தந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

பிறகு ஒரு நாள் எனக்குச் சத்தம் வந்தது. நன்றாகவே வந்தது. அன்று நான் பேடை அடித்த அடியில் நீ ஒரு எட்டு பின்னால் போனாய். நான் ஓரமாய் உட்கார்ந்து காரணம் தெரியாமல் அழுதேன். நீ பயந்துவிட்டாய். எனக்குப் பயமாக இல்லை. மெயின்லேண்டிலிருந்து வெங்காயம் ஏற்றி வரும் கப்பலில், அடித்தட்டின் மூடியைத் திறந்தவுடனே யாரும் உள்ளே இறங்க மாட்டார்கள். பல நாள் மூடிக்கிடந்த காற்று மயக்கம் போட வைக்கும். மூடியைத் திறந்து வைத்து, காற்று மாறும்வரை மேலே நின்று பீடி குடிப்பார்கள். அதுதான் எனக்குள் நடக்கிறது என்று நினைத்தேன். அங்கேதான் நாம் இருவரும் ஒன்றைத் தவறவிட்டோம். மூடியைத் திறந்தோம். காற்று மாறட்டும் என்று காத்திருக்கவில்லை. அடுத்த வாரமே முழங்கை, முழங்கால், உள்ளங்கை என்று மூன்று அடியையும் ஒரே மூச்சில் அடிக்கும் பயிற்சிக்குப் போய்விட்டோம்.

அந்தப் பயிற்சிக்கு நீ வைத்திருந்த சட்டம் கண்டிப்பானது. மூன்றையும் முடிக்க வேண்டும். ஒருத்தி ஒன்றிலோ இரண்டிலோ நின்றுவிட்டால் வகுப்பு முழுவதும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். மாலதி தீதி மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒரு அடிக்கே ஆள் ஓடிட்டா, துரத்திப் போய் மிச்சம் ரெண்டைக் குடுக்கணுமா?" என்று கேட்டாள். "பாதியில நிறுத்தினா நீங்கதான் அடி வாங்குவீங்க தீதி" என்று நீ சொன்னாய். உன் முகம் கல் மாதிரி இருந்தது. அந்த முகத்தை நான் முன்பே ஒரு முறை பார்த்திருக்கிறேன். எங்கே என்று அன்று எனக்குப் பிடிபடவில்லை.

ஜெட்டியில் நடந்ததை உன் கண்ணால் பார்த்தாய். என் பக்கத்திலிருந்து எப்படி இருந்தது என்று நீ கேட்கவே இல்லை. ஹேவ்லாக் தீவு ரிசார்ட்டுகளுக்குப் போகிற காய்கறியை ஏற்றிக்கொண்டிருந்தேன். நீ அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு வகுப்பு எடுக்கப் போக, டிக்கெட்டோடு வரிசையில் நின்றாய். மூட்டை அடுக்குகிற ராஜுவைப் பற்றித் தெரியாத பெண் அந்த ஜெட்டியில் கிடையாது. கூட்டம் நெருக்கினால் பின்னால் வந்து ஒட்டிக்கொள்வான், திரும்பிப் பார்த்தால் மூட்டைக்கு வழிவிடச் சொல்வான். நானே எத்தனையோ தடவை பேசாமல் ஒதுங்கியிருக்கிறேன். என் சரக்கு அவன் கையில்தானே ஏற வேண்டும். அன்று நான் குனிந்து தக்காளிக் கூடையின் கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தான். நான் "ஹட்" என்றேன். சத்தம் சரியாகவே வந்தது. அவன் கையை எடுக்கவில்லை. "க்யா அம்மாஜி, இந்த வயசுல இவ்ளோ கோவமா" என்றான்.

திரும்பி முழங்கையை இறக்கியபோது என் கண் திறந்திருந்தது. அவன் மீசை, உதட்டோரத்தில் பான் கறை, பிறகு அந்த உதடு கிழிந்தது, எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. அவன் கை என் இடுப்பை விட்டு அவன் வாய்க்குப் போனது. விஷயம் அங்கே முடிந்துவிட்டது. முழங்காலைத் தூக்கியபோதும் பார்த்தேன், ஆனால் துண்டு துண்டாகத்தான் பார்த்தேன், அவன் திரும்பி அடித்துவிடுவானோ என்கிற பயம் கண்ணுக்கு முன்னால் ஆடியது. அவன் மண்டியிட்டான். மூன்றாவதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "கோவம் வந்தா கண்ணு மூடிக்கும். கண்ணைத் திறந்துட்டு அடிக்கிறதுதான் அடி" என்று நீ சொல்லித் தந்திருந்தாய். நான் கண்ணை மூடியிருந்தேன். உள்ளங்கை அவன் இடது காதில் விழுந்தது. அவன் சரிந்து, படகுக் கயிறு கட்டும் இரும்புக் கட்டையில் தலை மோதியது. ஒன்றைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கடிதமே பொய். அந்த மூன்றாவது அடி எனக்கு இனித்தது.

அதன் பிறகு ஊர் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. யாரோ வீடியோ எடுத்து அனுப்ப, பஜாரில் எனக்கு "பாக்சர் அம்மா" என்று பெயர் வந்தது. டீக்கடையில் காசு வாங்க மறுத்தார்கள். என்னிடம் விலை குறைத்துக் கேட்கும் ஆட்களும் குறைந்துபோனார்கள், வியாபாரத்துக்கு அது நல்லதாகவே இருந்தது என்பதையும் மறைக்க மாட்டேன். உன் அப்பா மட்டும், யாராவது அந்த வீடியோவைக் காட்டினால், இரண்டாவது அடியோடு விரலை வைத்து நிறுத்திவிடுவார். போட் இன்ஜினை விட்டால் வேறு எதைப் பற்றியும் அதிகம் பேசாத மனிதர் அவர். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை. அடித்த அன்று சாயங்காலம் நீ கேட்டது என் காதில் இன்னும் இருக்கிறது. "ரெண்டாவது அடிக்கு அப்புறம் 'அம்மா போதும்'னு கத்தினேன். உனக்குக் கேட்டுச்சா?" இல்லை என்றேன். உண்மைதான் ஜெசி, கேட்கவில்லை. ரிங்கில் மணி அடிக்கும், ரெஃப்ரி குறுக்கே வந்து நிற்பார். ஜெட்டியில் எனக்கிருந்த மணி நீதான். மணிச் சத்தத்துக்குக் கையை நிறுத்த என்னை யாரும் பழக்கியிருக்கவில்லை.

உன் முகம் கல்லானதை எங்கே பார்த்தேன் என்பது நீ கப்பலேறிய அன்று பிடிபட்டது. ஹாடோ துறைமுகத்தில் கப்பல் நகர்ந்தபோது நீ மேல்தட்டில் அதே முகத்தோடு நின்றாய். உன்னுடைய அந்த செலக்‌ஷன் போட்டிக்கு நான் மெயின்லேண்ட் வந்திருந்தேனே, அன்று பார்த்த முகம். கடைசி ரவுண்டில் எதிரில் நின்ற பெண்ணின் இரண்டு கையும் கீழே இறங்கிவிட்டது. கால் தள்ளாடியது. ஒரே ஒரு குத்து போதும். நீ ஒரு எட்டு பின்னால் வைத்து ரெஃப்ரியைப் பார்த்தாய். அவர் நிறுத்தவில்லை. அதற்குள் அந்தப் பெண் மூச்சு பிடித்துக்கொண்டு உன்னை அடித்து ஜெயித்துவிட்டாள். உன் பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும், "கை நல்லாயிருக்கு, உள்ள வெறி இல்ல. பொண்ணுங்கள்ட்ட இதான் தொல்லை" என்றார். நானும் தலையாட்டினேன். பஸ்ஸில் ஏறியதும், "கைக்கு வந்த சரக்கை விட்டுட்டு வந்திருக்கியேளா. இப்படி இரக்கப்பட்டா நான் இன்னும் நடைபாதையிலதான் உட்கார்ந்திருப்பேன்" என்றேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவ கண்ணு என்னைப் பார்க்கலம்மா. பார்க்காத ஆளை எப்படி அடிக்கிறது?" என்றாய். கல் அங்கேதான் வைக்கப்பட்டது. வைத்ததில் என் கையும் உண்டு.

இதை நான் அழுது எழுதவில்லை, கணக்காகத்தான் எழுதுகிறேன். பழி முழுவதையும் ஒருத்தி தலையில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் கையைத் துடைத்துக்கொள்வது சோம்பேறிகள் செய்கிற வேலை. ராஜு என் இடுப்பைப் பிடித்தான், அது அவனுடையது. அதில் உனக்கோ எனக்கோ துளியும் பங்கில்லை. மூன்றையும் முடி என்று சட்டம் வைத்தது உன்னுடையது. நிறுத்தத் தெரிந்த பெண்ணைக் கேலி செய்து அந்தச் சட்டத்தை வைக்க வைத்தது என்னுடையதும் அந்தப் பயிற்சியாளருடையதும். கண்ணை மூடிக்கொண்டு அடித்தது முழுக்க என்னுடையது. அதை நீ எடுத்துக்கொண்டு கப்பலேறுவதற்கு நான் சம்மதிக்கவில்லை. ஒரு ஐம்பது வயதுக்காரியின் கை செய்த காரியத்துக்கு அவள் மகள்தான் பொறுப்பு என்றால், இத்தனை வருஷம் நான் வாழ்ந்ததற்கு என்ன அர்த்தம்?

நீ போன பிறகு ராஜுவைப் பார்க்கப் போனேன். உன் அப்பா வேண்டாம் என்றார், பஜாரில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள். பல் ஆடுகிறவனால் கடிக்க முடியாதே என்று வாழைப்பழம் வாங்கிக்கொண்டு போனேன். ஜெட்டிக்குப் பின்னால் நாலைந்து பேர் சேர்ந்து தங்கும் அறை, பகலில் அவன் மட்டும் இருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து சுவரோரமாய்ப் போனான். பிறகு சமாளித்துக்கொண்டு, "என்ன அம்மாஜி, மிச்சம் ஏதாவது குடுக்க வந்தீங்களா?" என்றான்.

"இல்ல. ஒண்ணைத் திருப்பி வாங்கிட்டுப் போக வந்தேன்."

அவன் தலையைத் திருப்பி வலது காதை என் பக்கம் கொடுத்தான். இடது காது சரியாக வரவில்லை, வருமா என்று டாக்டருக்கும் தெரியவில்லையாம். நான் சொன்னதையே சத்தமாகச் சொன்னேன்.

"முதல் அடிலயே புரிஞ்சிடுச்சு அம்மாஜி" என்றான். "பாக்கி ரெண்டு எதுக்கு?"

"முதல் அடி உனக்குத்தான். அதுக்கு எனக்கு வருத்தமில்ல. இன்னொரு பொம்பள மேல கை வெச்சா இன்னொரு தடவையும் விழும். ரெண்டாவது என் பயம். மூணாவது உனக்கு இல்ல."

"கூட்டத்தில கை படறதுதான்..."

"படறதுக்கும் பிடிக்கிறதுக்கும் வித்தியாசம் உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பேச நான் வரல."

அவன் தரையைப் பார்த்தான். "மூணாவது யாருக்கு அப்ப?" என்று கேட்டான். கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். நான் பழத்தை அவன் பக்கம் தள்ளி வைத்தேன். அவனுக்குச் சொல்லாத பதிலை உனக்குச் சொல்கிறேன். நடைபாதையில் உட்கார்ந்திருந்த காலத்திலிருந்து நான் யாரிடமெல்லாம் அந்தச் சிரிப்பைச் சிரித்தேனோ அவர்கள் எல்லோருக்கும் சேர்ந்த அடி அது. அவர்களில் பாதிப் பேர் செத்துவிட்டார்கள். மிச்சம் பேர் வயதாகி, என்னைக் கண்டால் மரியாதையாக அக்கா என்கிறார்கள். வருஷக்கணக்கில் பலர் பெயரில் சேர்ந்ததை ஒரே ஒருவன் காதில் வைத்துத் தீர்த்துவிட்டேன். அவன் யோக்கியன் இல்லை. ஆனாலும் அத்தனையும் அவனுடையது இல்லை. பெண்ணுக்குள் ஆக்ரோஷம் கிடையாது, பாக்சிங் மாதிரி விளையாட்டில் அதை ஊட்டி வளர்க்க வேண்டும் என்று உன் பயிற்சியாளர் போன்றவர்கள் நினைக்கிறார்கள். ஊட்டத் தேவையே இல்லை ஜெசி. எங்களிடம் அது வேண்டிய மட்டும் இருக்கிறது. அளவுதான் தெரியாது. அளந்து பார்க்க யாரும் எங்களுக்குச் சந்தர்ப்பம் தந்ததில்லை.

நான் கிளம்பும்போது அவன் சொன்ன ஒன்றை உனக்குச் சொல்லாமல் விடலாமா என்று நிறைய யோசித்தேன். "உங்க பொண்ணு கத்துச்சு அம்மாஜி, போதும்னு. எனக்குக் கேட்டுச்சு. இந்தக் காதுல நல்லபடியா கடைசியாக் கேட்டது அதான்" என்றான். அவனுக்கே கேட்டிருக்கிறது. உன் குரல் அந்தக் கூட்டத்தைத் தாண்டி வந்து சேர்ந்திருக்கிறது. உனக்கு நிறுத்தத் தெரியும், நிறுத்தச் சொல்லவும் தெரியும். நீ கற்றுத்தராமல் விட்டாயே ஒழிய, உனக்குத் தெரியாததில்லை. ரிங்கில் ஒரு எட்டு பின்னால் வைத்தாயே, அதைச் செய்ய அந்த ஹாஸ்டலில் எத்தனை பேருக்கு வரும்? அன்று உன்னிடம் வெறி இல்லாமல் இல்லை. வெறி இருந்தது, கண்ணும் திறந்திருந்தது. நான்தான் அதைச் சொத்தைச் சரக்கு என்று ஒதுக்கினேன். தரம் பார்த்து வாங்கத் தெரிந்தவள் என்று எனக்கு இந்த ஊரில் பெயர்.

நீ விட்டுப்போன சாவியால் ஹாலைத் திறந்துவிட்டேன். உன்னிடம் கேட்காமல் செய்ததற்குக் கோபித்துக்கொள். கொஞ்ச நாளாக நாங்களாகவே சனிக்கிழமை கூடுகிறோம். சொல்லித் தர ஆளில்லாததால் ஒன்றே ஒன்றைத்தான் செய்கிறோம். ஒருத்தி பேடைப் பிடிப்பாள், ஒருத்தி அடிப்பாள், பின்னால் ஒருத்தி நிற்பாள். பின்னால் நிற்கிறவள் எப்போது வேண்டுமானாலும், போதும் என்ற அர்த்தத்தில், "பஸ்" என்பாள். ஜெட்டியில் சரக்கு கிரேனில் தொங்கும்போது, இறக்கு என்று சொல்ல ஒரே ஒருவனுக்குத்தான் உரிமை, ஆனால் ஆபத்து என்று கண்டால் "பஸ்" என்று நிறுத்தச் சொல்ல மூட்டை தூக்குகிற யாருக்கும் உரிமை உண்டு, நிறுத்தியாக வேண்டும். அதைத்தான் எடுத்துக்கொண்டோம். அந்தச் சத்தம் கேட்டதும் பேடைப் பிடித்தவள் அதைக் கீழே இறக்கிவிடுவாள். அடிக்கிறவள் கை எங்கே இருக்கிறதோ அங்கே நிற்க வேண்டும். கேட்க சுலபமாக இருக்கிறது. முதல் நாள் நான் மாலதி தீதியின் தோளில் ஒன்று வைத்தேன். "அரே, நான் ராஜு இல்லம்மா, மாலதி" என்று கத்தினாள். இரண்டாவது வாரம் அவள் என்னை அடித்தாள். கணக்கு தீர்ந்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டாள். எங்களில் ஒருத்திக்கும் வரவில்லை. எல்லோருக்கும் இப்போது அடிக்க வருகிறது, நிறுத்த வரவில்லை. இதை இப்படியே விட்டால் ஜெட்டியில் இன்னொரு நாள் இன்னொருத்தி செய்வாள். ஹாலைப் பூட்டினால் நாங்கள் கற்றது மறந்துபோய்விடும் என்று நினைத்தாயா? கை மறக்காது. பாதி கற்ற கையோடு எங்களை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய்.

உன் கையுறையை இந்தப் பெட்டியில் வைக்கவில்லை, தேடாதே. கேட்காதவர் கையில் சரக்கைத் திணிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. அது ஆணியில் இருக்கிறது. அங்கே வேண்டும் என்றால் சொல், அடுத்த கப்பலில் வரும். சென்னையிலும் பஸ்ஸில் நெருக்கப்படுகிற பெண்கள் இருப்பார்கள். இங்கேயே வந்துவிடுகிறேன் என்றாலும் ஹால் திறந்துதான் இருக்கிறது. வகுப்பே வேண்டாம், ஆபீஸ் வேலைதான் பிடித்திருக்கிறது என்றால் அதையும் ஏற்றுக்கொள்வேன். பிடித்து இருப்பதற்கும் பயந்து இருப்பதற்கும் வித்தியாசம் பார்த்துச் சொல், அது போதும்.

போன சனிக்கிழமை, என் முறை வந்தது. முழங்கை விழுந்தது, முழங்கால் விழுந்தது, கையை ஓங்கினேன். கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன். பின்னாலிருந்து சத்தம் வந்தது, பேட் இறங்கியது, மாலதி தீதியின் முகம் தெரிந்தது. என் கை பாதி வழியில் நின்றது. தீதி வாயைத் திறந்தபடி என் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் ஏதோ பிடுங்கிக்கொண்ட மாதிரி ஒரு வலி, இன்று வரை போகவில்லை, வலது கையால் தராசைத் தூக்க முடியவில்லை, இந்தக் கடிதத்தைக்கூட விட்டு விட்டுத்தான் எழுதினேன். மூன்று அடி அடித்த அன்று எனக்கு எங்கேயும் வலிக்கவில்லை ஜெசி. நிறுத்தினால் இப்படி வலிக்கும் என்று உனக்கு அந்தப் போட்டி நடந்த அன்றைக்கே தெரியும். அந்த பஸ்ஸில் உன் தோளை நான் ஒரு முறைகூடத் தொட்டுப் பார்க்கவில்லை.

அம்மா